காலி இடத்துக்கும் பட்டா உண்டு

மதுரைக்குப் படமெடுக்க வருகிறவர்கள் கூட்டத்தைத் தேடித்தான் வருகிறார்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில், வைகைக்குள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த கேமராக்களைப் பார்த்தாலே தெரியும். தை பிறந்தால் அலங்காநல்லூர் வாடிவாசல். மற்ற நாட்களில் பூ மார்க்கெட்டும் தெற்குக் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களும். இந்த ஊரின் அழகே நிறைவில் இருக்கிறது. புது மண்டபத்துத் தூணில் ஒரு சாண் இடம் மிஞ்சினால் அதிலும் ஒரு யாளியையோ கிளியையோ செதுக்கிவைத்த ஊர். இங்கே இருந்துகொண்டு நான் எடுப்பதெல்லாம் ஒரு சுவர், ஒரு கண்மாய்க் கரை, அறுத்த வயலில் ஒரு கருத்த திட்டு. ஆள் இருக்க மாட்டார். ஃபிரேமில் முக்கால்வாசி வானமோ மண்ணோதான். கண்காட்சி அழைப்பிதழில் ‘மினிமலிசம்’ என்று போடுவார்கள். அந்தப் பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பழக்கம் எனக்குக் கல்யாண ரோலில் மிஞ்சிய இரண்டு ஃபிரேமிலிருந்து வந்தது.

எண்பதுகளின் பிற்பகுதியில் டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஸ்டுடியோ ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தேன். உதகையில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இண்டு’ ரோல்தான் எங்கள் கைக்கு எட்டும் விலை. சதுர நெகட்டிவ் என்றால் ஒரு ரோலுக்கு 12 படம். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, மாமன் சீர், குரூப் போட்டோ என்று கணக்குப் பண்ணித்தான் பொத்தானை அழுத்துவோம். பந்தி முடிந்து வேன் கிளம்பும் நேரத்தில் கடைசி ரோலில் ஒன்றிரண்டு மிஞ்சும். “எதையாவது எடுத்து முடிடா, ராத்திரியே கழுவணும்” என்பார் முதலாளி. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, ‘அண்ணே’தான்.

அந்த மிச்சத்தில் நான் மண்டபத்தை எடுப்பேன். சுவரில் சாய்த்த மடக்கு நாற்காலிகள், மணவறையில் இரண்டு பலகை, தரையில் அட்சதை. ஒரு நாள் அண்ணன் நெகட்டிவை டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கல்யாணம் நடந்தது அப்படியே தெரியுதேடா, ஆளத்தான் காணோம்” என்றார். பாராட்டாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக நான் செய்துவருவது அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

அவரிடம் கற்ற இன்னொன்று, பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் தொங்கவிடும் சாம்பல் துணி. ஸ்டுடியோவில் மாடிப்படியும் பூந்தோட்டமும் வரைந்த பெரிய திரை ஒன்று இருந்தது. குடும்பப் படத்துக்கு வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். அதை மடித்துப் போட்டாலும் அண்ணன் கவலைப்பட மாட்டார். சாம்பல் துணியில் ஒரு சுருக்கம் விழுந்தால் போச்சு. அதற்கென்றே தனியாக ஒரு விளக்கு வைத்து, முடிக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும்வரை நகர்த்திக்கொண்டே இருப்பார். “பின்னாடி ஒண்ணும் இல்லாம இருக்கணும்னா சும்மா விட்டா வராது. அதுக்குத் தனியா லைட் வைக்கணும்.” ஒன்றும் இல்லாத இடத்துக்குத்தான் வேலை அதிகம் என்பது டார்க் ரூமுக்குள் போனபோது முழுசாகப் புரிந்தது.

புரோமைடு பேப்பரில் வெள்ளை என்பது வெறும் பேப்பர். வானத்தை அப்படியே விட்டால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். என்லார்ஜருக்கு அடியில் மீதியைக் கையால் மறைத்து, வானத்துக்கு மட்டும் சில விநாடி கூடுதல் வெளிச்சம் கொடுத்தால்தான் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் ஒரு சாம்பல் ஏறும். அந்தச் சாம்பல் வந்ததும் வெறுமைக்கு ஓர் எடை கிடைத்துவிடும். ஈரத்தில் வெளிறித் தெரிகிற அதே பேப்பர் காய்ந்தால் ஒரு மாத்திரை கறுக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு. ஹைப்போ போகக் கழுவிக் காயப்போட்டால் நெகட்டிவில் பொட்டுப் பொட்டாகத் தடம் நிற்கும். குரூப் போட்டோவில் அது யார் சட்டையிலாவது கலந்துவிடும். வெறும் வானத்தில் ஒரே ஒரு தூசு இருந்தாலும் கண் அங்கேதான் போகும். நுனி மெலிந்த தூரிகையில் மை தொட்டு ஒவ்வொரு பொட்டாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பொருள் மட்டும் இருக்கிற படம் சுலபமான படம் என்று நினைக்கிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மதுரையை ஆளில்லாமல் முதலில் எடுத்தது நான் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தின் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-ல் இங்கே வந்தார். மெழுகு ஏற்றிய பெரிய காகித நெகட்டிவ்களோடு கோயில், திருமலை நாயக்கர் மஹால், தெப்பக்குளம், ஆனைமலை என்று சுற்றினார். அதே ஆண்டு மதுரைப் படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றின் நகல்களை நான் முதலில் பார்த்தபோது வாயடைத்துப்போனேன். மஹாலின் தூண்கள் இடிபாட்டோடு நிற்கின்றன. அதை கவர்னர் நேப்பியர் பழுதுபார்க்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். ஒரு தலை கிடையாது. தெருவில் ஒரு வண்டி கிடையாது. ஆனைமலை படத்தில் பாறையும் வானமும் மட்டும். இன்றைக்கு எந்தக் கேலரியில் மாட்டினாலும் மினிமலிசம் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் படங்களோடு பழகப் பழக எனக்கு வேறொன்று உறைத்தது. காகித நெகட்டிவுக்கு நீண்ட எக்ஸ்போஷர் வேண்டும். குறுக்கே நடந்து போனவர் பதிய மாட்டார். 1858-ன் மதுரையில் ஜனங்கள் இருந்தார்கள், மாடு இருந்தது, கடைவீதி இருந்தது. கருவியும் அதை அனுப்பிய அரசும் கேட்டது கட்டடங்களை. அதற்கு முந்தின ஆண்டுதான் வடக்கே கலகம் மூண்டிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் ஊரைப் பார்த்தால் லண்டனில் இருப்பவருக்கு அது யாருக்கும் சொந்தமில்லாத ஊராகத் தெரிந்திருக்கும். இன்னொரு செய்தியும் உண்டு. அந்தக் கால நெகட்டிவில் வானம் சரியாகப் பதியாது என்பதால் டிரைப் சில நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டியிருக்கிறார். வெறும் வானத்தை அவராலும் சும்மா விட முடியவில்லை. டிரைப்பின் கைத்திறனை நான் வணங்குகிறேன். அவர் படத்தில் இருக்கும் ஆளின்மையை மட்டும் நம்ப மாட்டேன்.

இந்த இரண்டுக்கும் நடுவே, அதாவது அண்ணனின் மண்டபத்துக்கும் டிரைப்பின் மஹாலுக்கும் நடுவே, எனக்கு வழி காட்டியவர் நஸ்ரீன் மொஹமெதி. 1937-ல் கராச்சியில் பிறந்து, பரோடா நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் கற்பித்து, 1990-ல் மறைந்தவர். அவரது கோட்டோவியங்கள் ஓவியர்களுக்குத் தெரியும். அவர் எடுத்த புகைப்படங்களை உயிரோடிருந்தவரை அவர் காட்சிக்கு வைக்கவில்லை. 2013-ல் டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் அவரது பெரிய கண்காட்சி நடந்தபோது போய்ப் பார்த்தேன். கடலோரத்து ஈர மணல், சாலையில் போட்ட வெள்ளைக் கோடு, கல்தளத்தில் விழுந்த நிழலின் விளிம்பு. எல்லாம் சின்னச் சின்ன கறுப்பு வெள்ளைப் படங்கள். சாலையில் கோடு போட்டவர், தளத்தில் கல் பாவியவர், மணலைத் தள்ளிவிட்டுப் போன அலை என்று ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கை வேலை செய்துவிட்டு அகன்றிருக்கிறது. அவர் படங்களில் வெறுமை கழுவித் துடைத்ததாக இல்லை, புழங்கியதாக இருக்கிறது. சில மாதங்களுக்கு நான் வேறு யார் படத்தையும் பார்க்க விரும்பவில்லை.

ஜப்பானியர் ஹிரோஷி சுகிமோட்டோ திரையரங்குகளில் ஒரு முழுப்படம் ஓடும் நேரம் வரைக்கும் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்த படங்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஓடிய சினிமா மொத்தமும் ஒரு வெள்ளைத் திரையாக மட்டும் மிஞ்சியிருக்கும். அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த நினைப்பு தங்கம் தியேட்டர்தான். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த அரங்கம், ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்று என்று மதுரைக்காரர்கள் பெருமை பேசிய இடம். இடிபட்டுப்போன அந்த அரங்கின் திரையை யாராவது அப்படி எடுத்து வைத்திருந்தால் என்று இன்றும் ஏங்குகிறேன்.

என் முதல் தொடர் 2011 தேர்தலில் பிறந்தது. அதுவரை மதுரைச் சுவர் என்றால் கட்சிச் சுவர். தேர்தலுக்குப் பல மாதம் முன்பே சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரும் ‘ரிசர்வ்’ என்ற வார்த்தையும் எழுதிப் போய்விடுவார்கள். அந்த வருஷம் தேர்தல் ஆணையம் கெடுபிடி காட்டியது. எழுதிய சுவரெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக வெளுத்தது. அவசரத்தில் ஒரே பூச்சு; வெயில் ஏற ஏற உள்ளேயிருந்த சிவப்பும் பச்சையும் நீலமும் சுண்ணாம்புக்குள்ளிருந்து மெதுவாகக் கசிந்து மேலே வரும். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவர். பக்கத்தில் போனால் ஒரு சின்னத்தின் வளைவு, ஒரு தலைவர் பெயரின் கடைசி எழுத்து.

அதை எடுக்க நான் எனக்கே சில விதி போட்டுக்கொண்டேன். ஒரே லென்ஸ். சுவருக்கு நேர் எதிரே, என் நெஞ்சு உயரத்தில் கேமரா. சுவரின் அடியில் ஒரு விரற்கடை மண் தெரிய வேண்டும், மேலே ஒன்றும் தெரியக் கூடாது. படத்துக்குப் பெயர் தெருவின் பெயர் மட்டும். ‘கான்செப்சுவல்’ என்கிறார்களே, அதில் வேலையின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது; எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று கேமராவை எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். விதி சரியாக இருந்தால் தனிப்படம் ஒவ்வொன்றும் அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வரிசையாக மாட்டும்போது ஒரு சுவர் இன்னொரு சுவரோடு பேச ஆரம்பிக்கும். ஜெர்மானியத் தம்பதி பெர்ன்ட் – ஹில்லா பெக்கர் தண்ணீர்த் தொட்டிகளையும் சூளைகளையும் ஒரே மாதிரி வெளிச்சத்தில், ஒரே மாதிரி கோணத்தில் பல பத்தாண்டுகள் எடுத்து அடுக்கியதன் பலமும் அந்தப் பிடிவாதம்தான்.

சுவருக்குப் பிறகு ஊருக்கு வெளியே போனேன். வெளிநாட்டு மினிமலிசப் படங்களில் பாதி பனியில் எடுத்தவை. பனி எல்லாவற்றையும் மூடிக் கொடுத்துவிடும். நம் சமவெளியில் மூடுவது வெயில். காரியாபட்டிக்குத் தெற்கே பங்குனி மாதத்துப் பன்னிரண்டு மணிக்கு வானத்தில் நீலமே இருக்காது. வெளுத்துப்போன தகரத்தின் நிறம். அந்த நேரத்தில் படமெடுக்காதே என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நான் அந்த நேரத்துக்காகவே போவேன். மண்ணின் ஒளியும் வானத்தின் ஒளியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நடுவில் கண்மாய்க் கரை மட்டும் ஒரு கோடாக நிற்கும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைத்தால் அந்தக் கோடும் கரையத் தொடங்கும். கரைவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துவதில்தான் வேலை இருக்கிறது. டிஜிட்டலில் வெள்ளை ஒரு தடவை போனால் போனதுதான், ஃபிலிமைப் போல இழுத்துக் கொண்டுவர முடியாது. அதனால் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்திலேயே என் கண் இருக்கும்.

ஒரே கண்மாயை, ஒரே இடத்தில் நின்று, பல வருஷம் எடுத்தேன். சுகிமோட்டோ 1980 முதல் உலகக் கடல்களை எடுத்துவருகிறார். அடிவானம் ஃபிரேமின் நட்ட நடுவில். அவருடைய கடல் ஆதிமனிதன் பார்த்த கடலாகவே இருக்கிறது. என் கண்மாய் அப்படி இருக்க மறுத்தது. ஐப்பசியில் தண்ணீர், மாசியில் நெல் தாள், பங்குனியில் வெடித்த களிமண், அடுத்த மழை பொய்த்தால் சீமைக் கருவேலம். ஒரு வருஷம் போனால் கோட்டுக்கு மேலே ஒரு செல்போன் டவர். இன்னொரு வருஷம் கரையில் ஒரு பகுதியே இல்லை, லாரி ஏறி இறங்கிய தடம் இருந்தது. சும்மா கிடக்கிற பொட்டல் என்று நான் ஆரம்பத்தில் நினைத்த ஒவ்வொரு இடத்திலும் யாராவது வந்து, “யாரு நீங்க, அளக்க வந்தீகளா?” என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டில் வைத்த கேமராவைப் பார்த்தால் சர்வே கருவி மாதிரித்தான் தெரியும். கண்மாய்க்குள் மீன் பாசிக் குத்தகை ஒருவருக்கு, கரையில் இருக்கும் பனை இன்னொருவருக்கு, கருவேலம் வெட்ட ஏலம் எடுத்தவர் வேறொருவர். காலி இடத்துக்கும் பட்டா இருக்கிறது, குத்தகை இருக்கிறது, வழக்கு இருக்கிறது. அதனால் எங்கே போனாலும் முதலில் டீக்கடையில் உட்கார்ந்து யார் இடம் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தப் பேச்சில் கிடைக்கிற விவரம்தான் பிறகு படத்தின் கீழே ஒரு வரியாகப் போகும்.

இதில் எனக்குப் பெரிய பாடம் எடுத்தவர் ஆட்டு மந்தை மேய்க்கும் ஒரு கீதாரி. தை, மாசி அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து செம்மறி மந்தைகள் வரும். வயல்காரர் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கிடை போடச் சொல்வார். ராத்திரி முழுக்க ஆடு ஓரிடத்தில் அடைபட்டுக் கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு உரம். மறுநாள் வேலியைப் பிடுங்கிப் பக்கத்தில் நட்டு அடுத்த துண்டில் அடைப்பார்கள். இப்படி வயல் பூராவும் ஒரு சுற்று. மந்தை போன பிறகு பார்த்தால் வெளுத்த தாள் நிலத்தில் பெரிய பெரிய கருஞ்சதுரங்கள் வரிசையாகக் கிடக்கும். எந்த ஓவியரும் அப்படி ஒரு சதுரத்தைப் போட்டுவிட முடியாது. விளிம்பு நேராகவும் இருக்கும், உயிரோடும் இருக்கும்.

வரப்பில் ஏணி போட்டு அதை எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வயலில் குட்டிகளைக் கூடு போட்டு மூடிவிட்டு அந்தப் பெரியவர் வந்தார்.

“ஆடு நிக்கையில எடுக்காம, போனப்புறம் என்னத்தத் தம்பி எடுக்கிறீக?”

கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினேன். கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு மூலையில் விரலை வைத்தார்.

“இந்தா, இந்த மூலை வெளுத்திருக்குல்ல, அன்னைக்கு நாய் வந்துச்சு. ஆடு பூராம் இந்தப் பக்கம் ஒதுங்கிருச்சு. விடியுறவரைக்கும் நெருக்கியடிச்சு நின்னுச்சுக. அதான் இந்த ஓரம் கருகருன்னு கெடக்கு.”

நான் அந்தச் சதுரத்தில் நிறத்தையும் விளிம்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு ராத்திரியை வாசித்துவிட்டார். அன்றிலிருந்து என் படத்தில் தெரிகிற எந்தத் தடத்தையும் கணினியில் அழிப்பதில்லை. மின்கம்பி குறுக்கே போகிறதா, என் கால் நகரட்டும். நகர்ந்தும் போகவில்லையா, கம்பி இருக்கட்டும். அந்தக் கம்பி எந்த மோட்டாருக்குப் போகிறது என்று யாருக்காவது தெரிந்திருக்கும். இப்போது போனிலேயே விரலால் தடவினால் ஆளும் கம்பமும் மறைந்துவிடுகின்றன. என்னிடம் கற்க வரும் பிள்ளைகள் அப்படித் துடைத்த படங்களைக் காட்டி ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்கிறார்கள். படங்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. எந்த ஊர் என்று கேட்டால் அந்தப் படத்தால் பதில் சொல்ல முடியவில்லை. நான் அவர்களை ஒரே வயலுக்கு மூன்று பருவத்திலும் போய்வரச் சொல்கிறேன். கேமரா முதல் பருவத்தில் பையிலேயே இருக்கட்டும்.

கீழடியிலும் இதே கதைதான். 2015-ல் பள்ளிச்சந்தைத் திடலின் தென்னந்தோப்பில் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தபோது எல்லாரும் குழிகளை எடுத்தார்கள். உறைகிணறும் செங்கல் சுவருமாக, நூல் பிடித்து வெட்டிய சதுரங்கள். எனக்கு அதைவிட, ஆய்வு முடிந்து மூடிய குழிகளின் மேல்மண் பிடித்திருந்தது. சுற்றியிருக்கும் மண்ணைவிட ஒரு சாயல் வெளிர். ஒரு மழைக்குப் பிறகு அந்தச் சாயலும் போய்விடும். அதற்குள் எடுக்க வேண்டும்.

கல்லுக்கு வருகிறேன். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் முறைகேடு 2012-ல் வெடித்தது. அப்போது மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, இழப்பை 16,000 கோடி ரூபாய் அளவுக்கு மதிப்பிட்டது. குவாரிகள் நின்றன. வெட்டிய கற்கள் நின்ற இடத்திலேயே நின்றன. கீழவளவு, கீழையூர்ப் பக்கம் போனால் வயல் நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே கனச்சதுரக் கற்கள் அடுக்கடுக்காக நிற்கும். பக்கவாட்டில் துளைபோட்ட வரிகள், ஒரு முகத்தில் பெயின்டில் எழுதிய எண், சுற்றிலும் ஆளை மறைக்கும் புல். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நிழல் விழாத வெளிச்சத்தில், ஃபிரேமுக்கு ஒரு கல்லாக எடுத்தேன்.

சென்னையில் அந்தத் தொடரைக் காட்டியபோது பார்க்க வந்த ஒருவர், டெக்சாஸில் மார்ஃபா என்ற ஊரில் டொனால்டு ஜட் புல்வெளியில் வரிசையாக வைத்த கான்கிரீட் பெட்டிகளை நினைவூட்டுகிறது என்று மனதாரப் பாராட்டினார். ஒப்புமை சரியானதுதான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஜட் அந்தப் பெட்டிகளை அங்கே வைக்க விரும்பி வைத்தார். இந்தக் கல்லை வயலில் வைக்க அந்த வயல்காரர் விரும்பவில்லை. படம் அழகாக இருப்பதாலேயே அந்த வித்தியாசம் மறைந்துபோகிறது என்றால் அழகோடு வேறொன்றும் சேர்ந்து போக வேண்டும். மறுபடி அந்த ஊர்களுக்குப் போனேன். ஒவ்வொரு கல்லும் நிற்கிற இடத்தில் முன்பு என்ன விளைந்தது, எந்த மடையிலிருந்து பாய்ச்சினார்கள் என்று கேட்டு, படத்தின் அதே அளவு காகிதத்தில் அதைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் மாட்டினேன். பார்வையாளர்கள் கல் முன்னால் நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்தது, எழுத்து முன்னால் நிற்கும் நேரம் கூடியது. எனக்கு அதில் வருத்தமில்லை. இந்த மாதிரி வேலையில் படம் பாதி, சொல் பாதி.

அதே வட்டாரத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே வருஷத்தில் அதை உள்ளடக்கிய நிலத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். 2025 ஜனவரியில் ஊர் ஊராகத் திரண்டு மதுரை வரைக்கும் ஜனங்கள் ஊர்வலமாக வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த ஊர்வலத்தை நான் எடுக்கவில்லை. அதை எடுப்பதற்கு நல்ல கைகள் இந்த மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. மனிதர்களின் முகத்தோடு நின்று எடுக்கும் அவர்கள் வேலைக்கு நான் எடுப்பது மாற்று ஆகாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

பிழைப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இளைஞர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இந்தப் படங்களால் மட்டும் மதுரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாது. வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்கள்தான் எனக்குச் சோறு போட்டன. இங்கே கேலரி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாததால் சென்னைக்குத்தான் போக வேண்டும். விற்றால் கேலரிக்குப் பாதி, நமக்குப் பாதி என்பது பொதுவான பேச்சு. ஒரு படத்துக்கு ஐந்தோ ஏழோ பிரதி என்று எண்ணிட்டு அதற்கு மேல் போடக் கூடாது. 2016-ல் சென்னை போட்டோ பினாலே ஆரம்பித்த பிறகு புகைப்படத்தையும் கலையாகப் பார்க்கிற கூட்டம் ஒன்று உருவானது. பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் படம் மாட்டலாம் என்ற தைரியமும் வந்தது.

பிரிண்ட்தான் இன்னும் தலைவலி. கல்யாண ஆல்பம் போடும் லேபில் கொடுத்தால் இயந்திரம் சாம்பலைப் பொறுத்துக்கொள்ளாது. ஒரு தடவை கண்மாய்த் தொடரை வாங்கப் போனால் வானமெல்லாம் நீலம். “ஸ்கை டல்லா இருந்துச்சுண்ணே, ஏத்தி விட்டேன்” என்றான் அந்தப் பையன், அன்பாக. இப்போது பருத்திக் கூழ்க் காகிதத்தில் பிக்மென்ட் மையால் அச்சிடுகிறேன். பளபளப்பு இல்லாத அந்தக் காகிதத்தில்தான் பங்குனி வானத்தின் வெளுப்பு வெளுப்பாகவே நிற்கிறது.

சென்னைக்குக் கொண்டுபோன கல் தொடரைக் கடைசியில் மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் ஊர்ச்சாவடியில் மாட்டினேன். கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பில். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர்கள் படத்தைக் கலைப்படம் என்று பார்க்கவில்லை. ‘இது மேலக்கால் வயலு’, ‘இது நம்ம சித்தப்பா வயலு’ என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று சர்வே எண் உட்படச் சொன்னார்கள். நான் எழுதி மாட்டியிருந்ததில் விட்டுப்போன விவரங்களைப் பிள்ளைகள் பென்சிலால் சேர்த்தார்கள். ஒரு அம்மா மட்டும் ஒரே படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“இது கெழக்க நின்னு எடுத்தது தம்பி. மேக்க நின்னு எடுத்திருந்தா எங்க கெணறு தெரியும்.”

“கிணறு இருக்காம்மா இன்னும்?”

“தூர்ந்துபோச்சு. தொவளைக் கல்லு நிக்கும், போய்ப் பாருங்க.”

மறுநாள் காலையில் போனேன். கல்லுக்குப் பின்னால், புல்லை விலக்கினால் தெரிகிற உயரத்தில், கிணற்றோரத்து அந்தத் துவளைக் கல் இருந்தது. மேற்கிலிருந்து ஒரு படம் எடுத்தேன். இப்போது அந்தக் கல்லுக்கு இரண்டு படம், பக்கத்தில் அவர் சொன்ன வரிகள். எந்த ஊரில் காட்சிக்கு வைத்தாலும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் மாட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்.